சொட்டுகூட ஒழுகாத குற்றம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உலகில் நடந்த ஒரே உருப்படியான காரியம், அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் 'தப்பு' என்ற சொல்லை ஒழித்ததுதான்.

அதற்கு முன்பு அங்கே இருண்ட காலம். குழாய்ப் பிரிவு வாத்தியார் மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், "தப்பு, கழட்டு" என்பார், போய்விடுவார். அவர்களும் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, எப்படியோ வேலையைக் கற்றுக்கொண்டு தொலைத்தார்கள். இப்படிக் கற்றதில் அவர்கள் மனம் 'ஈடுபடவில்லை' என்பதைக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்வந்த முதல்வர்தான் கண்டறிந்தார். உடனே பின்னூட்டம் வந்தது. தன்னாய்வு வந்தது. வட்டமாக உட்கார்ந்து தன்னாய்வு செய்ய மெத்தைகள் வந்தன. மெத்தை போட இடம் வேண்டுமென்று பட்டறையின் தண்ணீர்த் தொட்டி மட்டும் போயிற்று. தண்ணீர் இல்லாத குழாய்ப் பயிற்சியில் எதுவும் ஒழுகுவதில்லை, எனவே யார் மனமும் புண்படுவதில்லை.

இந்தப் பொற்காலத்தில்தான் பெரியக்கா சேர்ந்தாள். வகுப்பிலேயே மூத்தவள் என்பதால் வாத்தியார் உட்பட எல்லோருக்கும் அவள் பெரியக்கா. துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேஸ்திரி, சான்றிதழோடு வந்தால் மறுநாளே வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார். சான்றிதழ் இல்லாவிட்டால் பழைய கடையிலும் இடமில்லை, புதிய கட்டடத்திலும் இடமில்லை. அவளுக்குத் தூக்கம் போனது இதனால்தான்.

கற்ற வித்தையை வீட்டில் சோதித்துப் பார்த்தாள். கொல்லைக் குழாயை அறுத்து, பசை தடவி, ஒட்டித் திறந்தாள். ஒட்டிய துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தது. அவளும், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாத்தனாரும் தலையோடு கால் நனைந்தார்கள்.

"எங்க அண்ணி வீட்டுக்கே அருவியைக் கொண்டுவந்துட்டாங்க. இனிமே நாம எங்கயும் டூர் போக வேணாம்," என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள் நாத்தனார்.

மறுநாள் வட்டத்தில் பெரியக்கா கையைத் தூக்கி, ஒட்டினது பிய்ச்சுக்கிட்டு வருது, எங்கே தப்பு என்று கேட்டுவிட்டாள். மெத்தைகள் அதிர்ந்தன. தடைசெய்யப்பட்ட சொல் அல்லவா. வாத்தியார் வாசற்பக்கம் பார்த்தார். முதல்வர் நின்றிருந்தார்.

"அது பிய்ச்சுக்கிட்டு வந்தப்போ நீங்க என்ன உணர்ந்தீங்க அக்கா?" என்றார் வாத்தியார், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பவரைப் போல.

"நனைஞ்சேன் சார்."

"அருமையான பகிர்வு. நீங்க குழாயைப் பிடிச்ச விதம் அழகு. பசையைத் தடவின விதமும் அழகு."

இதற்கு 'ரொட்டி முறை' என்று பெயர். மேலே ஒரு பாராட்டு, கீழே ஒரு பாராட்டு, நடுவில் திருத்தம். நிலையத்தின் ஆய்வுக் குழு பலமுறை கூடி யோசித்து, நடுவில் உள்ளது மனதைக் காயப்படுத்தக்கூடும் என்பதால் அதை எடுத்துவிட்டிருந்தது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் பெரியக்கா வாத்தியாரை மடக்கினாள். நிலையத்தின் விதிகள் வாசற்கதவு வரைக்கும்தானே என்று நியாயம் கேட்டாள். வாத்தியார் இருபுறமும் பார்த்தார். கடத்தல்காரனைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒட்டினதும் கையை எடுத்துடறீங்க அக்கா. ஈரப் பசை குழாயை வெளியே தள்ளும். உள்ளே விட்டு லேசா ஒரு திருகு திருகி, இறுகுற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்." கொஞ்சம் தயங்கினார். பிறகு பல மாதப் பசி தீர்ந்தவர்போல முகம் மலரச் சொன்னார்: "நீங்க பண்றது தப்பு. சுத்தத் தப்பு."

தேர்வு நாளில் வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்தது. அவர்களுக்காக லாரியில் தண்ணீரும் வந்தது. மாணவர்கள் ஒட்டி வைத்திருந்த குழாய்களுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒன்று பீய்ச்சியது, ஒன்று தெளித்தது, ஒன்று அழுதது. 'ஒட்டடைக்குச்சி' என்று எல்லோராலும் அழைக்கப்படும் நெட்டைப் பையனின் குழாய், குழுத் தலைவியின் கைப்பையையே நிரப்பியது. தன் குழாய் விடுதலையைத் தேடுவதாக அவன் தன்னாய்வு செய்தான். தலைவி நெகிழ்ந்துபோய் முழு மதிப்பெண் கொடுத்தார், கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டே.

பெரியக்காவின் குழாய் முன் குழு வெகுநேரம் நின்றது. ஒருவர் தட்டிப் பார்த்தார். ஒருவர் காதை வைத்துக் கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணுமே வரலையே?" என்றார் தலைவி கவலையோடு.

"வராதுங்க. தண்ணி உள்ளதான் போகும்."

குழு தனியே கூடிப் பேசிவிட்டு வந்து, கனத்த மனத்தோடு முடிவை அறிவித்தது. தவறிலிருந்து கற்பதே இந்நிலையத்தின் முறை. இணைப்பு ஒழுகாததால் தவறு நிகழவில்லை. தவறு நிகழாததால் தன்னாய்வுக்கு இடமில்லை. தன்னாய்வு இல்லாமல் சான்றிதழ் இல்லை.

பெரியக்காவின் கண்முன் மேஸ்திரியின் முகம் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு நாத்தனாரின் முகம் வந்தது.

முதல்வர்தான் இரக்கப்பட்டார். "ஒரே ஒரு தப்பு போதும்மா," என்று அவரே, அந்தச் சொல்லைக் கொன்று புதைத்த அவரே, கெஞ்சினார். "இங்க வந்ததிலேருந்து ஏதாவது ஒரு தப்பு பண்ணியிருப்பீங்க. மனசுக்குள்ள தேடிப் பாருங்க."

பெரியக்கா கண்ணை மூடினாள். வட்டத்தில் சொல்லித் தந்தபடி மூச்சை இழுத்து விட்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"பண்ணியிருக்கேங்க. குழாய் வேலை கத்துக்கலாம்னு இங்க வந்துட்டேன்."

தலைவி ஈரக் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிழிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு ஆழமான தன்னாய்வைத் தன் அனுபவத்தில் கேட்டதே இல்லை என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

முதலில் கைதட்டியவர் முதல்வர்தான்.