ஊமைப் படத்துக்கு ஒரு வாய்

இனி என் வீட்டில் ஒரு குரல்தான் கேட்க வேண்டும், அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகி முப்பத்து நாலாம் வருஷத்தில் எடுக்கிற முடிவா இது என்று கேட்காதீர்கள். முந்தி எடுக்க அனுமதி கிடைக்கவில்லை.

நான் சுந்தர்சிங். தூத்துக்குடித் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே கப்பல் சங்கு என்னைப் பேச விடாது. வீட்டில் ஜெபசுதா. டீச்சராக இருந்தவள். கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல்.

அதனால்தான் ஊமைப் படங்களிடம் போனேன். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் குதிரைக்காரப் படங்கள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிஷம். ஷெரீப், திருடன், துப்பாக்கி, புழுதி. எல்லாரும் வாயசைப்பார்கள், ஒருவரும் குறுக்கே பேச மாட்டார்கள். படத்தை ஓடவிட்டு, கூடவே விளக்கம் பேசி யூடியூபில் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்தேன்.

மூன்று வாரம்தான். நாலாவது வாரம் ஜெபசுதா சாளை மீனும் அரிவாள்மணையுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இங்கே கேமரா அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள்,” என்றேன் நான்.

“கேமராவ விடுங்க. குதிர மூணாவது தடவையா அதே பாறையச் சுத்துது. அதுக்குத் தண்ணி காட்டுனானா அவன்?”

“ஏளா, பதிவாகுது.”

“ஆகட்டும். அந்த விதவ எதுக்கு ஷெரீப்பக் கட்டுதா? திருடனாவது ஒரு நேரம் வெறகு வெட்டிக் குடுத்தான்.”

அதை எண்ணூறு பேர் பார்த்தார்கள். அதுவரை என் உச்சம் பதினேழு. விளாத்திகுளத்திலிருந்து முத்துச்செல்வம் என்பவர், ‘அக்கா சொல்றதுதான் சரி’ என்று எழுதியிருந்தார். நான் சொன்னது என்னவென்று ஒருவரும் எழுதவில்லை.

திட்டம் போட்டேன்.

“ஒந் தங்கச்சி ஈவாஞ்சலின் போன் பண்ணுனா. மூட்டுவலி தாங்கலையாம். நாசரேத்துக்குப் போய் நாலு நாள் இருந்துட்டு வா.”

அவள் என்னையே பார்த்தாள். “அவளா சொன்னா?”

“அழுதுட்டே சொன்னா.”

“அப்ப போகத்தான் செய்யணும்.” பையை எடுத்தாள்.

அன்றே கதவை அடைத்துக்கொண்டு புதுப் படம் ஒன்றுக்குப் பேசினேன். படத்தில் ஷெரீப் திருடனைச் சுட்டார். வீட்டில் நான் தோசை சுட்டேன். திருடன் பிழைத்தான், தோசை பிழைக்கவில்லை.

பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் ஆறு பேர் ‘அக்கா எங்கே?’ என்று கேட்டிருந்தார்கள். காயல்பட்டினத்து யாசிர், ‘அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே, துஆச் செய்கிறேன்’ என்று துபாயிலிருந்து எழுதினார். தோசை தின்ற என் உடம்பை யாரும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் வீடு நான் ஆசைப்பட்ட அமைதியோடு கிடந்தது. கேட்க ஆளில்லாத வீட்டில் எவ்வளவு நேரம் பேசுவது? போன் போட்டேன். “இவளுக்கு வலி கொறையல,” என்றாள் ஜெபசுதா. பின்னால் கொழுந்தியாள் சிரிப்பது கேட்டது.

ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தாள்.

“மூட்டுவலி எப்படி இருக்கு?”

“யாருக்கு? நீங்க சொல்லுததுக்குக் கால் மணி நேரம் முந்திதான் அவ எங்கிட்டப் பேசுனா. மாடியில வத்தல் காயப்போட்டுட்டே பேசுனா.”

“தெரிஞ்சுமா போன?”

“நாலு நாள் ஒங்க பேச்சக் கேக்காம இருக்கலாமேன்னு போனேன்.”

சொல்லிவிட்டுத் தன் போனை நீட்டினாள். நான் தனியாகப் பேசிப் போட்ட படம்தான். என் குரலை எடுத்துவிட்டு, அக்காளும் தங்கச்சியும் பேசிப் போட்டிருந்தார்கள். என் சேனலிலேயே. அதைத் தொடங்கிக் கொடுத்தவள் அவள், கடவுச்சொல்லும் அவளிடம். ஒன்பதாயிரம் பேர் பார்த்தாகிவிட்டது.

கீழே முதல் ஆளாக முத்துச்செல்வம் எழுதியிருந்தார்: ‘அக்கா, இப்பதான் படம் புரியுது. போன தடவ நீங்க பேசும்போது யாரோ ஒருத்தர் குறுக்க குறுக்கப் பேசிட்டே இருந்தாரு.’