சேர் இன்னாசி கப்பதோக்கியா மேல் படையெடுத்த சருக்கம்

வாழ்க, மடக்குநாற்காலி மலைகளைத் தோளிற் சுமந்த மாவீரன்! வாழ்க, முத்துக்குளித்துறை ஈன்ற முழவுத்தோளன், சான் ஹோசே மாநகரத்துச் சாஃப்ட்வேர்ச் சிங்கம், மாதம் ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப்பூசை முடிந்து இட்லியும் சாம்பாரும் தீர்ந்தபின் பாரிஷ் ஹாலின் இரும்பு நாற்காலிகளை இரு கையாலும் அள்ளிச் சுவரோரம் அடுக்கும் பேராற்றலால் ‘சேர் இன்னாசி’ என்று சபையாரால் பட்டம் சூட்டப்பட்ட இன்னாசிமுத்து! அவன் புகழ் பாடப் புகுமுன், தொலைந்த கார்ச்சாவி முதல் தொலைந்த மருமகன் வரை தேடிக் கொடுக்கும் கோடி அற்புதரே, பதுவைப்பதி அந்தோனியாரே, எமக்கு நல்ல சொல் நிறுத்துத் தாரும். கொசுறாக இரண்டு உவமையும் போட்டுத் தாரும்.

அவ்வீரனின் மார்பில் ஒரு முள் இருந்தது. விருந்துகளில் அவனைப் புதியவர்களுக்கு அறிமுகம் செய்வோர் ‘இவர்தான் நம்ம சேர்’ என்பார்கள். கைகுலுக்கியவர் ஏதோ கம்பெனியின் சேர்மன் போலும் என்று மகிழ்ந்து, உண்மை தெரிந்ததும் கையை மெல்ல விடுவித்துக்கொள்வார். அவன் இல்லக்கிழத்தி மதலேனோ, தான் கட்டிவந்தது நாற்காலியையா மனிதனையா என்று சாப்பாட்டு வேளைகளில் வினவிவந்தாள். பட்டத்தைக் கழற்ற வழி ஒன்றே: பூசையில் பீடத்தருகே நின்று, மைக்கைப் பிடித்து, வேதவாசகம் வாசிக்க வேண்டும்.

ஆனால் அந்த மைக் எனும் செங்கோலோ சவரிராயன் என்னும் மணப்பாட்டு மன்னனின் கையில் இருந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் தமிழ்ப்பூசை தொடங்கிய நாள்முதல் வாசகம் அவனுக்கே பாத்தியதை. வானொலிச் செய்தி போன்ற அவன் குரலுக்குக் கைக்குழந்தைகளும் அழுகையை நிறுத்தும். மேலும், திருச்சியிலிருந்து பெட்டிக்குள் ஊறுகாய்க்கும் பருப்புப்பொடிக்கும் நடுவே கடல் கடந்து வந்த ஒரே தமிழ் வாசகநூலை அவன் தன் கேம்ரி காரின் டிக்கியில் பூட்டி வைத்திருந்தான். ஊரில் சரக்கு ஒன்றே, கடை ஒன்றே என்றால் பேரம் பேசுவது எப்படி?

அப்போதுதான் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் வசந்தம் வந்தது. மரங்கள் மகரந்தப் படையை ஏவின. கலிபோர்னியக் காற்று அதைச் சுமந்து சென்று சவரிராயனின் தொண்டைக்கோட்டையை முற்றுகையிட்டது. செய்திக்குரல் அடைத்து, தவளைக்குரலாகி, அதுவும் தேய்ந்து வெறுங்காற்றானது. வழிபாட்டுக் குழுவின் பேரரசி பனிமயம் ஆன்ட்டி தொலைபேசியில் பிரகடனம் செய்தாள்:

“தம்பி, சவரிக்கு போலன் அலர்ஜி. பெந்தகோஸ்து ஃபர்ஸ்ட் ரீடிங் நீங்க பண்ணுங்க. நல்லா வந்துச்சுன்னா வருஷம் பூரா உங்க பேரையே போட்டுடறேன்.”

இன்னாசியின் கையிலிருந்த ரிமோட் நழுவியது. ஆனால் விற்பவள் சொல்லாத குறை ஒன்று அந்தச் சரக்கில் இருந்தது. பெந்தகோஸ்து வாசகத்தின் நடுவே, தூய ஆவி இறங்கிய அன்று எருசலேமில் கூடியிருந்த நாட்டினரின் பட்டியல் வருகிறது. பார்த்தர், மேதியர், எலாமியர் என்று தாழ்வாகத் தொடங்கும் அந்த மலைத்தொடர், கப்பதோக்கியா என்னும் சிகரத்தில் நாவை உருட்டித் தள்ளிவிடுவது. அதை வெல்ல நம் வீரன் காலையும் மாலையும் நூற்றியொன்றாம் ஃப்ரீவேயில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கர்ஜித்தான். கப்பதோக்கியா சில நாள் கப்பத்தோக்கியா ஆயிற்று. சில நாள் காப்பித்தோக்கியா ஆயிற்று. பக்கத்து லேனில் வந்தவர்கள் அவனுக்குத் தாராளமாக வழிவிட்டார்கள்.

வாசகநூலைக் கேட்டதற்குச் சவரிராயன், கண்டிப்பாகக் கொண்டுவருவதாக வெறுங்காற்றுக் குரலில் சத்தியம் செய்தான். எதிரியின் சத்தியத்தை எடைபோடத் தெரிந்த இன்னாசி, நண்பர் ஒருவர் ஈமெயிலில் அனுப்பிய தமிழ்ப் பிரதியை வீட்டுக் கணினியில் முத்துமுத்தாகப் பார்த்து மகிழ்ந்து, வீட்டு இங்க்கை வீணாக்குவானேன் என்று ஆபீஸ் கணினி வழியே அவசரமாகப் பிரிண்டருக்கு அனுப்பி, வந்த தாளை மானேஜர் பார்க்குமுன் உருவி மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். அந்தத் தாளை அப்போதே ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் இக்காவியம் இல்லை.

பெருநாள் விடிந்தது. ஆவி தீநாவாய் இறங்கிய திருநாளுக்கேற்பச் செஞ்சட்டைக் கவசம் பூண்டு, வயிற்றுப் பித்தானோடு சற்றே மல்யுத்தம் செய்து வென்று, வாசிப்புக்கண்ணாடி என்னும் கேடயம் ஏந்தி, மதலேன் இட்ட நெற்றிச் சிலுவையோடு இன்னாசி களம் புகுந்தான். வாசலில் சவரிராயன் வெறுங்கையோடு நின்றான். “சாரிண்ணே. புக்கு ஒய்ஃப் வண்டில போயிடுச்சு” என்று கிசுகிசுத்தான். இன்னாசி சட்டைப்பையைத் தட்டிக்காட்டி, உலகை வென்றவன்போல் நகைத்தான்.

வருகைப்பாடல் முடிந்தது. ஃபாதர் அமலோற்பவம் அமர்ந்தார். செஞ்சட்டை மைக்கை அடைந்து தாளை விரித்தது.

ஐயகோ! அங்கே தமிழ் இல்லை. தொப்பி போட்ட ஏ, மீசை வைத்த ஓ, தலைகீழாய்த் தொங்கும் கேள்விக்குறி, வால் முளைத்த சீ, நடுநடுவே காலிக் கட்டங்கள். வீட்டுக் கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு ஆபீஸ் கணினியில் இல்லாத காரணத்தால், பரிசுத்த வாசகம் முழுவதும் பூலோகத்தில் எவரும் பேசாத பாஷையாக உருமாறிக் கிடந்தது. அன்று ஆவி இறங்கித் திருத்தூதர்கள் பேசிய பல மொழிகளுள் இதுவும் ஒன்றோ என்னவோ. கம்ப்யூட்டரே பிழைப்பாகக் கொண்ட இன்னாசிக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை.

கடல் வற்றிய மீன்போல் வாய் திறந்து மூடிய அக்கணத்தில், அவன் நெஞ்சுக்குள் அந்தோனியாரோடு மாபெரும் பேரம் ஒன்று நிகழ்ந்தது. ஒரு மெழுகுவர்த்தி என்றான். புனிதர் மசியவில்லை. ஆள் உயர மெழுகுவர்த்தி என்றான். மௌனம். வேளாங்கண்ணியில் மொட்டை என்றான். அவன் தலையின் கையிருப்பை மேலிருந்து நோட்டமிட்ட புனிதர் அதையும் ஏற்றதாகத் தெரியவில்லை. கடைசியில், இனி ஆபீஸ் பிரிண்டரைத் தொடமாட்டேன் என்றான். பேரம் படிந்தது.

குரல் பிறந்தது. ஃப்ரீவேயில் உருவேற்றிய வரிகள் வரிசையாய் வந்தன: காற்று வீசியது, தீ இறங்கியது, மக்கள் திகைத்தனர். பார்த்தர் வந்தனர். மேதியர் வந்தனர். எலாமியரும் தட்டுத்தடுமாறி வந்துசேர்ந்தனர். அதன்பின் இருள். அத்தனை நாள் தொண்டை வறளத் துரத்திப் பிடித்த கப்பதோக்கியா, வேண்டிய வேளையில் வரைபடத்திலிருந்தே மறைந்துபோயிற்று. முதல் வரிசையில் கைக்குட்டைக்கு மேலே சவரிராயனின் கண்கள் பளபளத்தன.

இன்னாசி தாளை விட்டுச் சபையைப் பார்த்தான். பார்த்த முகங்களுக்கெல்லாம் ஊர் இருந்தது.

“வடக்கன்குளத்தாரும்,” என்று முழங்கினான்.

ஓர் இருமல் பாதியில் நின்றது.

“மணப்பாட்டாரும், குளச்சல், முட்டம், கோட்டாற்றில் வாழ்வோரும், திண்டுக்கல்லை அடுத்த பகுதிகளில் உள்ளோரும்...”

ஃபாதரின் புருவம் உயர்ந்தது. அவர் பிறந்த ஊர் எதுவென்று இன்னாசிக்குத் தெரியும்.

“புள்ளம்பாடியாரும்!”

புருவம் இறங்கியது. அணை உடைந்த வெள்ளமானான் இன்னாசி. சன்னிவேலிலும் மில்பிடாஸிலும் வாடகைக்குக் குடியிருப்போரை அழைத்தான்; ஹெச்-ஒன் விசாவில் வந்தோரையும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்போரையும் எருசலேமுக்குள் டிக்கெட் இல்லாமல் ஏற்றினான்; இவர்கள் யாவரும் தத்தம் மொழியிலேயே கேட்டு மலைத்தனர் என்று முடித்து, “இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு” என்றான். “இறைவா, உமக்கு நன்றி” என்ற பதில் கூரையை முட்டியது. கண்ணாடி ஜன்னலிலிருந்த புனிதர்களே திரும்பிப் பார்த்ததாகச் சிலர் இன்றும் சொல்வதுண்டு.

பூசைக்குப்பின் ஹாலில், வேதத்தைத் திரித்தவனுக்குக் கல்லெறி நிச்சயம் என்று தட்டை மார்புக்குமேல் பிடித்து நின்ற இன்னாசியைச் சபை சூழ்ந்தது. வேதம் கெட்டதாக ஒருவரும் விசனப்படவில்லை. வீரபாண்டியன்பட்டினம் எங்கே என்றார் ஒருவர். சின்ன ஊர் என்றால் பரலோகத்தில் இடம் கிடையாதா என்றார் ஓரியூர்க்காரர். சவரிராயனோ, பகை மறந்து கட்டியணைத்து, “எங்க மணப்பாட்ட ரெண்டாவதா சொன்னீங்களேண்ணே” என்று கண்கலங்கினான். என்ன புதுமையோ, அவனுக்குக் குரல் திரும்பியிருந்தது.

கூட்டம் விலகியது. சாம்பார்க் கரண்டியை வேல்போல் ஏந்திப் பேரரசி பனிமயம் ஆன்ட்டி எழுந்தருளினாள். மதலேன் தன் சேலைத்தலைப்பை நெருடிக்கொண்டு கணவனருகே வந்து நின்றாள். இன்னாசி தலைதாழ்த்தித் தீர்ப்புக்குக் காத்து நின்றான்.

“நல்லாத்தான் வாசிச்சீங்க தம்பி,” என்றாள் ஆன்ட்டி. “திண்டுக்கல் வரைக்கும் போனவரு, காமநாயக்கன்பட்டிய மட்டும் விட்டுட்டீங்க.”

இன்னாசி மதலேனைப் பார்த்தான்.

“ஆன்ட்டிக்கு அதான் ஊரு,” என்றாள் மதலேன். “எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்.”

ஆன்ட்டி சவரிராயன் பக்கம் திரும்பி, அடுத்த மாதம் தொண்டை எப்படி இருக்கும் என்று விசாரித்தாள். பிரமாதமாக இருக்கும் என்று அவன் வானொலிக்குரலில் மொழிந்தான்.

சாம்பார் தீர்ந்ததும் இன்னாசி நாற்காலிகளை மடக்கி அடுக்கினான்.