நான்காம் குவியலின் தரக் காப்புக் குழு

சேமித்த பொருள் கெடாமல் காப்பது ஒரு தவம். அந்தத் தவத்தின் உச்சியைத் தொட்டது, அமெரிக்காவின் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்த 'தர இழப்புக் குறைப்புக் குழு'. அதன் தலைவர் மெர்ல் டோலெஃப்சன், அதுவரை தேவாலயத்து மீன் விருந்தை நடத்திவந்தவர். ஆகவே நிபுணர்.

காக்க வேண்டியது சர்க்கரை எடுக்கும் பீட்ரூட். அக்டோபரில் தோண்டி, ஆலை அரைக்கும்வரை வெட்டவெளியில் மலையாகக் குவித்திருப்பார்கள். அடியில் குழாய்கள், குழாய் வாயில் ராட்சத விசிறி. ஜனவரிக் குளிரை உள்ளே ஊதினால் பீட் கல்லாக உறைந்து பத்திரமாக இருக்கும். ஊதாவிட்டால் உள்ளுக்குள் புழுங்கி, சூடாகி, அழுகும். நான்காம் குவியலைப் பார்த்துக்கொண்ட ஆர்லோ ஹௌகனுக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய அந்த வருடத்து விளைச்சல் மொத்தமும் அதில்தான் கிடந்தது.

குழு 'களத்திலேயே' கூடியது, விசிறிக்குப் பக்கத்துக் கொட்டகையில்.

"குளிர வைக்கிறதோட அவசியத்தைப் பத்திப் பேசுறேன், என் குரலே எனக்குக் கேக்கலை" என்றார் மெர்ல். "ஆர்லோ, அந்த விசிறியைக் கொஞ்சம் நிறுத்துப்பா. கூட்டம் முடியற வரைக்கும்தான்."

ஆர்லோ நிறுத்தினார். கூட்டம்தான் முடியவில்லை. காபிக்காக 'ஒத்திவைக்கப்பட்டது'. ஒத்திவைத்த கூட்டம் நடந்துகொண்டிருக்கும் கூட்டம் என்பது விதி.

சில வாரங்களில் குவியலின் மேல் பனி உருகி ஆவி கிளம்பியது. ஆர்லோ தலைவரிடம் ஓடினார். ஆனால் அந்த ஊரில் வீடே பற்றி எரிந்தாலும் 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு' என்பதுதான் மரியாதை.

"தலைவரே, ஆவி வருது. ஒரு மாதிரியா இருக்கு."

"மோசமா?"

"மோசம்னு சொல்ல முடியாது…" என்று இழுத்தார் ஆர்லோ. அப்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப பரவாயில்லை!"

செயலாளர் லவான் குவியலைத் தொட்டுப் பார்த்தாள். "அட, அடுப்பாட்டம் இருக்கே! நாற்காலியையெல்லாம் இங்க போடுங்க. ஹாட்டிஷ் சாப்பாட்டுப் பாத்திரத்தை மேல வச்சா சூடு ஆறவே ஆறாது."

குழு ஏகமனதாக இடம்பெயர்ந்தது. ஊரே உறைந்து கிடக்க, உறுப்பினர்கள் கோட்டைக் கழற்றிவிட்டுத் தர இழப்பை விவாதித்தார்கள். அழுகல் வாடையை மறைக்க லவான் பாத்திரத்தில் வெங்காயத்தைக் கூட்டினாள்.

ஆர்லோவுக்குப் பொறுக்கவில்லை. "விசிறியைப் போடணும்! சூடானதைத் தோண்டி இப்பவே ஆலைக்கு அனுப்பணும்! அழுகுறது என் பீட்டுங்க!"

கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.

"என்னப்பா ஆச்சு உனக்கு? நல்லா இருந்த மனுஷன், இப்படியா கத்துறது?" என்றாள் லவான். "உக்காரு, ரெண்டு வாய் சாப்பிடு."

ஆர்லோ கூசிப்போனார். மன்னிப்புக் கேட்டார். உட்கார்ந்து சாப்பிட்டும்விட்டார்.

மார்ச்சில் இயந்திரம் வந்து குவியலைக் கிளறியது. கறுப்புக் கூழ் வழிந்தது. ஆர்லோ வெட்கத்தை விட்டு அழுதார்.

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். "ஒண்ணாவது கெடாம இருக்கா?"

ஆர்லோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தார். குளிர்காலம் முழுக்கக் கதகதப்பில் கிடந்து, கன்னம் சிவந்து, ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள்.

"இருக்கு தலைவரே," என்றார். "உங்க குழு."

அதைத்தான் ஆலை அரைக்க ஏற்றுக்கொள்வதில்லை.