வாசல் வடிகிறது என்பதற்கு என் கையெழுத்து

கோவில்பதாகை, ஆவடி
சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி

மதிப்பிற்குரிய சம்பந்தி உத்தமன் அவர்களுக்கு வீரராகவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தாட்சாயிணியும் முன்வாசலும் சௌக்கியம். காட்பாடியில் தாங்களும், சம்பந்தி அம்மாள் லோகநாயகி அவர்களும், மாப்பிள்ளை அஸ்வினும், எங்கள் பெண் மைதிலியும், அவள் வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும் நம் இரு வீட்டு வாரிசும் சௌக்கியமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடுகிறதாம். தாட்சாயிணி போனை வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு, சம்பந்தி அம்மாளே எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறார்கள்.

அவர்கள் கேட்டது நியாயம்தான். சென்ற முறை வந்தபோது எங்கள் வாசலில் பதித்திருந்த பேவர் கல் ஒன்றின் மேல் அவர்கள் கால் வைக்க, கல்லின் ஒரு முனை உள்ளே போய், மறுமுனை எழும்பி, அடியில் இருந்த சேற்றுத் தண்ணீர் பட்டுப்புடவையின் முழங்கால்வரை அடித்தது. மாப்பிள்ளை தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் இடுப்பு போயிருக்கும். காரில் ஏறும்போது அவர்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இந்த வாசல்ல புள்ளத்தாச்சிய நடக்கவிட மாட்டேன் சம்பந்தி. தண்ணி நிக்காதுன்னு எழுதிக் கொடுங்க, அனுப்புறேன். வாய் வார்த்தை வேண்டாம்." வரும் புதன்கிழமை தங்கள் இல்லத்தில் வளைகாப்பு. அது முடிந்த கையோடு பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. தலைப்பிரசவத்துக்குப் பெண் வரவில்லை என்றால் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவர்கள் பேசட்டும், அவளுக்கென்று அறையை வெள்ளையடித்துப் புது மெத்தை போட்டுவிட்டு, தினமும் சாயங்காலம் அதை வெறுமனே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தாட்சாயிணிக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். டாங்கி உதிரிபாகங்களைச் சோதித்து 'பாஸ்' என்று கையெழுத்துப் போடுவதிலேயே முப்பத்திரண்டு வருஷம் போனவன் நான். என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்பது தங்களுக்குத் தெரியும்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தவரை தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது அரசாங்கத்தின் கவலையாக இருந்தது. சொந்த வீடு கட்டியபிறகு அது என் கவலையாகிவிட்டது. கொத்தனார் பாண்டியன் இந்தப் பக்கத்துக்காரன், நல்ல வேலைக்காரன். வந்து பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டான். மாடித் தண்ணீர் முழுக்க வாசலில் கொட்டுகிறது, போக வழியில்லை, அதனால் கல்லுக்கு அடியில் உள்ள மணலை அரித்துக்கொண்டு உள்ளேயே இறங்குகிறது, கல் புதைகிறது. ஓரமாகப் பள்ளம் தோண்டி, துளை போட்ட குழாயைப் புதைத்து, சுற்றிலும் ஜல்லி கொட்டி, மேலே கம்பிச் சட்டம் போட்டு, தெரு வடிகாலில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்றான். எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. தெரு மேற்கே சரிகிறது. அதனால் வடமேற்கு மூலையில் விட்டால் ஒரே நாள் வேலை என்றான். அன்று மாலைதான் தாங்கள் அன்புகூர்ந்து போன் செய்து, வடமேற்கு வாயு மூலை, அந்த வழியே தண்ணீர் போனால் பிறக்கிற பிள்ளை ஓரிடத்தில் தரிக்காது, வடகிழக்கில், ஈசானியத்தில்தான் விட வேண்டும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினீர்கள். பாண்டியனிடம் சொன்னேன். அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். "சார், தண்ணிக்கு இன்னா தெரியும் ஈசானியமும் வாயுவும்? பள்ளம் எங்க கீதோ அங்கதான் அது போவும்." படிக்காதவன், விட்டுவிடுங்கள். தாங்கள் சொன்னபடியே ஈசானியத்தில் தோண்டச் சொன்னேன்.

வாட்டத்தை நானே மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் வைத்துப் பார்த்தேன். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம், ஒரு நூல் பிசகில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன், ஓடியது. 'பாஸ்' என்று சுவரில் சாக்பீஸால் எழுதித் தேதியும் போட்டேன். முதல் மழை வந்தது. தண்ணீர் வெளியே போகவில்லை, உள்ளே வந்தது. என்ன விஷயம் என்றால், தெருவில் போன வருஷம் புதிதாகக் கட்டிய வடிகால், கிழக்குப் பக்கத்தில் எங்கள் குழாயைவிட அரையடி உயரம். வேலியைத் தாண்டி நான் அளக்கவில்லை. என் மேஜைக்கு வந்த சாமானை மட்டும் பார்ப்பதுதான் என் பழக்கம். அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது வேறு செக்‌ஷன். தெருத் தண்ணீர் முழுவதும் என் குழாய் வழியாகத் துளிகூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது. ஒன்பது கல் புதைந்தது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டர் மெல்லச் சாய்ந்து கேட்டின் மேல் படுத்துக்கொள்ள, வெளியே இருந்து ஒருவரும் உள்ளே வர முடியவில்லை. கம்பியின் இடுக்கு வழியாகத்தான் பால் பாக்கெட் வாங்கினோம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இதில் தங்கள் யோசனையைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம்.

பிறகு, வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மூடி ஒன்றைக் குழாயின் வாயில் பொருத்தினோம். உள்ளிருந்து தண்ணீர் போகும், வெளியிலிருந்து வராது. மறுபடி பாஸ் போட்டேன். அடுத்த மழையில் தெருத் தண்ணீர் வரவில்லை, மூடி நன்றாக வேலை செய்தது. ஆனால் தெரு வடிகால் ததும்பி நின்றதால் வெளியே இருந்த தண்ணீர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மாடித் தண்ணீர் முழுக்க வாசலிலேயே நின்றது, அதுவும் இரண்டு நாள். பக்கத்து வீட்டு சுரேகா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, மீன் குஞ்சு வாங்கி விடுங்கள் அங்கிள் என்றாள். தங்களுக்கு போன் பண்ணலாம் என்று தோன்றியது. தாட்சாயிணி தடுத்துவிட்டாள்.

போன வாரம் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தேன். குழாயைத் தாழ்த்த முடியாது, தெருவைத் தாழ்த்த முடியாது, தங்கள் வார்த்தையை மீற முடியாது. மீதி இருப்பது வாசல்தான். கல்லை எல்லாம் பெயர்த்து, குழாயையும் மேலே தூக்கி, எம்-சாண்ட் கொட்டி இடித்து, வாசல் முழுவதையும் ஓரடி உயர்த்தி, கிழக்கே சரியும்படி மறுபடி பதித்தாகிவிட்டது. பாண்டியன் மண்ணைக் கொட்டிவிட்டு வெற்றிலையைத் துப்பினான். "மண்ண ஏத்திக்கினே போனா வாசலு ஒசரும் சார். ஊடு ஒசராது." வீட்டுக்குள் ஏற இரண்டு படி இருந்தது, இப்போது அதைக் காணவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குப் படி ஏறும் சிரமம் இல்லை பாருங்கள், அதுவும் ஒரு வசதி. இப்போது கல் ஒன்றுகூட அசைவதில்லை. நானே மைதிலி நடப்பதுபோல இடுப்பில் கைவைத்து மெதுவாகப் பதினாறு தடவை நடந்து பார்த்தேன். சுரேகா அதையும் பார்த்தாள்.

அன்றிலிருந்து மழை இல்லை. இதை எழுதும்போது அண்ணனூர்ப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வருகிறது. கொடியில் இருந்த துணியைத் தாட்சாயிணி எடுத்துவிட்டாள். ஒரு இடி கேட்டது. கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வயதுதான் காரணம், பயம் ஒன்றும் இல்லை. கூரியர் கடையை மூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே, கோவில்பதாகை வீரராகவனாகிய நான், என் வீட்டு முன்வாசலில் மழைத் தண்ணீர் நிற்காது என்று, முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தோடு இதன்மூலம் எழுதிக் கையெழுத்திடுகிறேன். மைதிலியைத் தைரியமாக அனுப்பி வையுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். அஸ்வினுக்கும் மைதிலிக்கும் ஆசீர்வாதம். வயிற்றில் இருக்கும் குட்டிக்கு நூறாயுசு.

தங்கள் அன்புள்ள,
வீரராகவன்

பின்குறிப்பு: மணி நாலரை. கவரை ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேலே எழுதியதில் பொய் இல்லை. வாசலில் தண்ணீர் நிற்கவில்லை. கிழக்கே சரிந்து குழாய்க்குப் போயிற்று, தெரு வடிகால் ததும்பி மூடியை மறுபடி அழுத்திப் பிடித்ததால் குழாய் ஏற்கவில்லை, அதற்கு அடுத்த பள்ளம் எங்கள் நிலைப்படி. தண்ணீர் முழுவதும் கூடத்தில் இருக்கிறது. மைதிலிக்காக வெள்ளையடித்த அறையில் கணுக்கால் அளவு. புது மெத்தையைத் தூக்கப் போன தாட்சாயிணி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் எழுந்திருக்காமல் தண்ணீரிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் மைதிலியைப் பார்த்தேன், சம்பந்தி.

பாண்டியனைக் கூப்பிட்டேன். வந்ததும் வடமேற்கு மூலையை உடைத்துக்கொண்டிருக்கிறான். அங்கே தண்ணீர் ஓடுகிறது. ஆனால் அதற்கும் நான் பாஸ் போடப்போவதில்லை. இந்தக் கடிதத்தோடு சேர்த்து மூன்று தடவை போட்டுவிட்டேன். நாலாவதை நம்பி என் பெண்ணை நடக்கவிட எனக்கே துணிவில்லை. புதிதாகக் கடிதம் எழுதலாம் என்றால் வீட்டில் இருக்கிற மற்ற காகிதம் எல்லாம் நனைந்துவிட்டது. அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ள கையெழுத்தை ரத்து செய்துகொள்ளவும்.

மைதிலியை அனுப்ப வேண்டாம். பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஒரு வேளைக்குமேல் நான் அங்கே சாப்பிட்டதில்லை என்பது தங்களுக்கே தெரியும். ஆனால் அவள் பயப்படாமல் கால் வைக்கிற தரை இப்போது தங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று மழை வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நானும் தாட்சாயிணியும் வருகிறோம். வளைகாப்பு, பிரசவம், பெயர் வைப்பது எல்லாம் முடிந்து, குழந்தைக்கு முகம் பார்க்கத் தெரிகிறவரை தங்குவோம். பெட்டி நான்கு. லோகநாயகி அம்மாளிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.