டம்பெல்லும் தாய்க்கல்லும்

எண்பது கிலோவுக்கு மேற்பட்ட உடலோடு பணிபுரியும் எந்த ஊழியரும் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்பட மாட்டார் என்று எடையளவுத் துறை சுற்றறிக்கை விட்டபோது, முத்திரை ஆய்வாளர் அலுவலகத் தராசில் எண்பத்துமூன்று கிலோ இருந்தார். அந்தப் பதவி உயர்வுக்காக மனிதர் பதினொரு வருஷமாகக் காத்திருந்தார்.

முதலில் வீட்டுக்கு டிரெட்மில் வந்தது. நான்கு நாள் அதில் அவர் ஓடினார். ஐந்தாம் நாளிலிருந்து அதன் கைப்பிடியில் துண்டுகள் காய்ந்தன. அதற்குள் ஊரில் காற்று மாறிவிட்டது. மெஷினெல்லாம் சோம்பேறிகளுக்கு, இரும்பைத் தூக்குகிறவனே மனிதன் என்று எதிர்வீட்டுத் தையல்காரர்கூடச் சட்டைக் கையை மடித்துக் காட்ட ஆரம்பித்தார். ஆய்வாளரும் மனம் மாறி, ஐந்து கிலோ டம்பெல் இரண்டு வாங்கி வந்தார்.

"அப்ப மெஷினைக் குடுத்துடுவீங்களா?" என்று மனைவி கவலையோடு கேட்டாள்.

"ஏன்?"

"துண்டெல்லாம் எங்க காயப்போடுறது?"

மறுநாள் காலை டம்பெல்லைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரும்பில் '5 கிலோ' என்று பொறித்திருந்தது. அரசு முத்திரையைக் காணோம். முத்திரையில்லாத எடைக்கல் வைத்திருப்பது குற்றம். எத்தனை காய்கறிக்காரர்களிடம் பறிமுதல் செய்திருக்கிறார்! தம் வீட்டில் தாமே சோதனை நடத்தி, தம்மைத் தாமே கடுமையாக எச்சரித்து, இரண்டையும் கைப்பற்றி அலுவலகத்துக்குத் தூக்கிப் போனார். மனச்சாட்சி உள்ள மனிதர், பாவம்.

அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து கிலோ தாய்க்கல் இருந்தது. அதோடு ஒத்துப்போகும் கல்லுக்குத்தான் ஊரில் முத்திரை. எழுத்தர் ஒரு தட்டில் தாய்க்கல்லையும் மறு தட்டில் டம்பெல்லையும் வைத்தார். டம்பெல் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

"கால் கிலோ கூட இருக்கு சார்."

"இன்னொண்ணை வையும்."

அதுவும் அப்படியே.

"கூடுதலாக் குடுத்து ஏமாத்தினா எந்தப் பிரிவுல கேஸ் போடுறது?" என்று ஆய்வாளர் குழம்பினார்.

எழுத்தர் தலையைச் சொறிந்தார். "டம்பெல் சரியாத்தான் சார் இருக்கும். மேலதிகாரிங்க பார்வையிட வரும்போது தாய்க்கல் பளபளன்னு இருக்கணும்னு உத்தரவு. இருபத்தெட்டு வருஷமா அரம் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்கோம்."

அவர் முத்திரை குத்திய கல் ஒவ்வொன்றும் பொய். பதவி உயர்வு கிடக்கட்டும், இருக்கிற வேலை மிஞ்சினால் போதும் என்று ஆய்வாளர் துறைத் தலைவர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னார். தலைவர் எண்பத்திரண்டு கிலோ. அவர் கோபப்படவில்லை, காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்.

"நம்ம கல்லு அஞ்சுன்னு சொன்னா நிஜத்துல நாலேமுக்கால்தான், இல்லையா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப என்னோட எண்பத்திரண்டு?"

"எழுபத்தெட்டுக்கும் கீழ வருதுங்க."

"உங்களோடது?"

"எழுபத்தொன்பதைத் தாண்டலைங்க."

தலைவர் எழுந்து வந்து கைகொடுத்தார்.

மாலைக்குள் ஆணை வெளியானது: 'ஊழியர்களின் உடல் எடை இனி டம்பெல்லை அளவாகக் கொண்டே நிறுக்கப்படும். கடைகளைப் பொறுத்தவரை, பொதுமக்களுக்கு வீண் குழப்பம் ஏற்படாவண்ணம் தாய்க்கல்லே தொடரும்.'

தாய்க்கல் தேய்ந்த சேதி எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. மறுநாள் துறை வாசலில் கடைப்பைகளோடு ஊரே திரண்டு நின்றது. இன்று உதை நிச்சயம் என்று ஆய்வாளர் கதவைப் பாதி மட்டும் திறந்தார்.

"சார், எங்களையும் அந்த டம்பெல் வச்சு நிறுத்துப் பாருங்களேன்" என்று முன்னால் நின்ற அம்மாள் கெஞ்சினார்.

சர்க்கரைப் பொட்டலங்கள் தங்கள் எடையைக் கூட்டிக் காட்டிவிடுமே என்று, எல்லோரும் அவற்றை ஜாக்கிரதையாகக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் தட்டில் ஏறினார்கள்.