பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மருமகனுக்கு

மட்கோ,
திருகோணமலை.

அன்புள்ள மருமகன் யுகேந்திரன் அறிவது,

கோணேசர் அருளால் இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எல்லோரும் என்றால் இப்போது இந்த வீட்டில் நான் ஒருவன்தான். நானும் சுகமில்லை. நீங்களும் மகள் லோஜனாவும் நோர்வேக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காலத்தில் மாமா ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். வீட்டில் இருந்த ஒரேயொரு நல்ல ஃபோனை உங்கள் மாமி கொண்டுபோய்விட்டார். என்னிடம் மிஞ்சியது பொத்தான் ஃபோன். அதில் உங்களை அழைத்தால் நான் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. இழுவைப் படகின் எஞ்சின் அறையில் பென்சன் வரும்வரை நின்றவனின் காது அவ்வளவுதான். மாமி திரியாயில் தன் தங்கை வீட்டில் இருக்கிறார். மகளிடம் “சும்மா தங்கச்சியோட நிண்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்” என்று சொல்லியிருப்பார். அதை நம்ப வேண்டாம். கோபித்துக்கொண்டு போனவர். காரணம் நான் என்று அவர் சொல்லுவார். மருமகன் குறை நினைக்கக் கூடாது, காரணம் நீங்கள்.

போன வருஷம் கண்டியில் மாமிக்கு நெஞ்சில் ஆபரேசன் நடந்து வீட்டுக்கு வந்த பிறகு, மனதைச் சந்தோஷமாக வைத்திருக்கச் சொல்லி டாக்டர் அனுப்பினார். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் சந்தோஷம் வராது என்பது மகளுக்குத் தெரியும். அதனால் நீங்கள் சுவரில் மாட்டுகிற பெரிய டிவி வாங்கித் தந்து, உங்கள் படக் கணக்கின் பாஸ்வேர்டையும் தந்து, “மாமா, எனக்குப் பிடிச்ச படங்களைச் சொல்லுறன், சிரிப்பு, பேய், துப்பறியிறது, காதல், சோகம் எல்லாத்தையும் கலந்து பாருங்கோ, ஒரே மாதிரிப் பார்த்தால் அலுத்துப் போகும்” என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். நானும் நல்ல மனதோடுதான் பார்த்தேன். வந்த வினை அங்கேதான் தொடங்கியது.

சிரிப்புப் படம் என்று நீங்கள் சொன்னதில் ஒரு கழுதை கல்யாண வீட்டுக்குள் புகுந்து தாலியை விழுங்கிவிடுகிறது. எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. தாலியை விழுங்கினதைப் பார்த்துச் சிரிக்கிற மனுசனோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேனே என்று மாமி அன்று சோறு போடவில்லை. பேய்ப் படத்தில் பேய் கிணற்றுக்குள் இருந்தது. அதன் பிறகு எங்கள் கிணற்றடிக்கு மாமி தனியாகப் போக மாட்டார். அவர் குளித்து முடியும்வரை நான் துவாயோடு காவல் நிற்க வேண்டும். துப்பறியும் படத்தில் கொலைகாரன் தோட்டக்காரன்தான் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். கடைசியில் அவன்தான். அதற்கும் பேச்சு வாங்கினேன். கப்பல் படத்தில் ஒருவன் ஓடுகிற எஞ்சினை வெறுங்கையால் பிடித்து நிறுத்துகிறான், அப்படி நிறுத்தினால் கை மிஞ்சாது, அதையாவது சொல்ல எனக்கு உரிமை இல்லையா? யுத்தப் படமும் ஒன்று சொல்லியிருந்தீர்கள். அதை நாங்கள் போடவில்லை. அது நாங்கள் ஏற்கெனவே பார்த்தது.

இதெல்லாம் சில்லறைச் சண்டை. வீட்டை உடைத்தது அந்தச் சோகப் படம். “மாமா, இதைப் பார்த்து நான் அழுதனான்” என்று நீங்களே சொன்ன படம்தான். அன்று வெள்ளிக்கிழமை, மாமி காளி கோயிலுக்குப் போயிருந்தார். தனியாகப் பார்ப்பது பிழைதான், ஆனால் தொண தொணப்பு இல்லாமல் ஒரு படமாவது பார்க்கலாமே என்று போட்டேன். காது கேட்காதபடியால் சத்தத்தை உச்சத்தில் வைத்தேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், புருஷன் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறான், கையில் சாப்பிட வாங்கின பணிஸ் பார்சல், பிரிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. பிறகு அவள் சாகிறாள், வீடு முழுக்கப் பெண்கள் ஓலம் வைக்கிறார்கள். நான் துவாயை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, தேம்பித் தேம்பி அழுதேன்.

டிவியை நீங்கள் மாட்டச் சொன்ன இடம் முன் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர். வெளியே நின்று எட்டிப் பார்த்தால் என் முகம் தெரியும், டிவி தெரியாது. ஓலத்தைக் கேட்டு, விழாக்களுக்குக் கதிரையும் பந்தலும் வாடகைக்கு விடுகிற பக்கத்து வீட்டு ஜவாஹிர் ஜன்னலுக்கு வந்து பார்த்திருக்கிறார். நான் அவரும் படம் பார்க்க வந்தார் என்று நினைத்து, உள்ளே வந்து இருங்கள் என்று கதிரையைக் கையால் காட்டினேன். மாமியின் நெஞ்சு வருத்தம் ஊருக்கே தெரிந்தது. இப்படி அழுகிறவன் கதிரையைக் காட்டினால், மாமி போய்விட்டார் என்பதைத் தவிர ஜவாஹிர் வேறு எதை நினைப்பார்? நம்முடைய பக்கத்தில் அழுகிற வீட்டில் யாரும் என்ன நடந்தது என்று கேட்பதில்லை, முதலில் கதிரையைத்தான் இறக்குவார்கள். “அண்ணன், நீங்க அழுது முடிங்கோ, மத்ததெல்லாம் நாங்க பார்க்கிறம்” என்று அவர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. எனக்குக் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

நான் அழுது முடிக்கிறதுக்கிடையில் முற்றத்தில் பந்தல் நின்றது. ஜவாஹிரின் மனைவி சுஹைரா, சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்துவிட்டார். மரண உதவிச் சங்கச் செயலாளர் சோமசேகரம் இருக்கிறாரே, உயிரோடு இருக்கிறவனுக்குச் சங்கத்தில் ஒரு பதில் கிடைக்காது, இதற்கு மட்டும் பறந்து வருவார், ஒழுங்கையின் தெருத் தலைப்பில் இருந்து எங்கள் வாசல் படலை வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டி முடித்துவிட்டார்.

மாமி அர்ச்சனைத் தட்டோடு ஓட்டோவில் வந்து இறங்குகிறார். ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி. அது எங்கள் படலையில் வந்து முடிகிறது. வீட்டில் விட்டுவிட்டுப் போனது என்னை மட்டும்தான். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எழுதத் தேவையில்லை. தட்டை எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாராம். “என்ர ராசா, என்னை விட்டிட்டுப் போனியளோ, தேத்தண்ணி கேட்டனியளே, ஊத்தித் தராமல் கோயிலுக்குப் போனனே” என்று ஒழுங்கை முழுக்கக் கேட்க அழுதாராம். கலியாணம் கட்டிய நாளில் இருந்து என்னை அவர் ராசா என்று கூப்பிட்டதில்லை. “இஞ்சருங்கோ” என்பதே நல்ல நாளில்தான். செத்தது யார் என்று தெரியாமல் சனம் விலகி வழிவிட்டது. செத்தவரே அழுதுகொண்டு வருவதைப் பார்த்துச் சோமசேகரம் கையில் மிஞ்சியிருந்த கொடிக் கயிற்றைக் கீழே விட்டாராம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரியும். நான் கண்டது இவ்வளவுதான்: யாரோ டிவியை மறைத்துக்கொண்டு வந்து நின்று ஏதோ கத்துகிறார்கள். கண் முழுக்கத் தண்ணீர், காதும் இல்லை. கையால் விலக்கிக்கொண்டு சொன்னேன்: “கொஞ்சம் சத்தம் போடாமல் இரு, படம் முடியப்போகுது.”

மருமகன், வந்து நின்றவர் உங்கள் மாமி. வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், என் ஈரத் துவாயைப் பார்த்தார். சுஹைரா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். மறுநாள் திரியாய்க்குப் போகிற புல்மோட்டை பஸ்ஸில் ஏறும்போதுதான் வாய் திறந்தார். “கண்டியில நான் சாகக் கிடந்தனான். நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்ல எண்டு தாதிமார் சொன்னவை. படத்தில செத்தவளுக்குத் துவாய் நனையுது.” பஸ் போய்விட்டது.

நான் அழுதது அந்த நடிகைக்கு இல்லை. அவள் செத்தாலென்ன, அடுத்த படத்தில் வருவாள். நான் அழுதது வாங்கில் இருந்தவனைப் பார்த்து. கண்டியில் நானும் அப்படித்தான் இருந்தேன், என் கையிலும் பணிஸ் பார்சல் இருந்தது, அவர் கண் முழித்து என்னைப் பார்த்தபோதும் அதைப் பிரிக்கவில்லை, அழுதால் அபசகுனம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இதைச் சொல்வதற்கு அவர் என் அழைப்பை எடுக்க வேண்டுமே. பொத்தான் ஃபோனில் மணி அடிக்கும்போது வெட்டிவிடுகிறார்.

இனி நடப்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். எங்களுக்கென்று உங்கள் கணக்கில் “மாமா மாமி” என்று பெயர் போட்டு ஒரே முகம் வைத்துத் தந்தீர்கள். பாதியில் நிறுத்திய படங்கள் மேலே வரிசையாக நிற்கும் அல்லவா? அவர் திரியாயில் ஃபோனில் பார்ப்பதெல்லாம் இங்கே என் டிவியில் வந்து நிற்கிறது. ஒருநாள் காலையில் பார்க்கிறேன், பெண்சாதி புருஷனுக்கு நஞ்சு கொடுக்கிற படம். சரியாகத் தேத்தண்ணிக்குள் கரண்டியை விட்டுக் கலக்குகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறது. எனக்கு விளங்கியது. நான் நீங்கள் சொன்ன காதல் படத்தைப் போட்டு, கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு மன்னிப்புக் கேட்கிற இடம் வரை ஓடவிட்டு நிறுத்தினேன். மறுநாள் விவாகரத்து வழக்குப் படம் வந்தது. நான் கழுதையைப் போட்டேன். அவர் கிணற்றுப் பேயைப் போட்டார். துப்பறியும் படத்தைப் போட்டு, தோட்டக்காரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். பிறகு ஒருநாள், படம்கூட இல்லை, தனியாக இருக்கிற ஆண்களுக்குப் பருப்புக் கறி வைக்கப் பழக்குகிற சமையல் நிகழ்ச்சி. நான் கடைப் பாணையே தின்று உயிரை வைத்திருப்பது தெரிந்துகொண்டு குத்திக் காட்டுகிறார். அந்தப் பருப்பை வைத்துப் பார்த்தேன். அடிப்பிடித்தது.

வீடு பெரிதாகிப் போய்விட்டது, மருமகன். ஜவாஹிர் வெட்கத்தில் இந்தப் பக்கம் வருவதில்லை. வந்தாலும் கதிரையில் இருக்க மாட்டார், நின்றபடியே கதைத்துவிட்டுப் போகிறார். சோமசேகரம் வெள்ளைக் கொடியை அவிழ்த்தாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை. இன்னொரு தரம் கட்ட வேண்டிவரும் என்று விட்டுவைத்திருக்கிறாராம். காலையில் எழும்பி டிவியைப் போட்டு இன்று எனக்கு என்ன ஏச்சு வந்திருக்கிறது என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. இந்த வயதில் இது எனக்கு வேண்டாம். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். அது ஏலாவிட்டால் அந்த ஒரே முகத்தை மாமா வேறு, மாமி வேறு என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இனி எந்த வகையிலும் எனக்கு ஒரு படமும் சொல்ல வேண்டாம். டிவியைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைக்கப்போகிறேன்.

மகளுக்கு என் அன்பு. இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டை பிடிக்காமல், கோணேசரும் மாதுமை அம்மனும் துணையிருக்க நீண்டகாலம் சேர்ந்து வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா
கோணாமலை

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பத் திறந்து எழுதுகிறேன், கிழிசலைப் பொறுத்துக்கொள்ளவும். டிவியைக் கழற்றுவதற்கு முன்னர் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். வரிசையில் முதலாவதாக அந்தச் சோகப் படம் நிற்கிறது. மாமி அதை இதுவரை பார்த்ததில்லை. இப்போது தொடக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வந்து, அவன் பணிஸ் பார்சலோடு வாங்கில் இருக்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார். அவள் சாகிற இடத்துக்குப் போகவில்லை. நான் ஒன்றையும் தொடவில்லை. சிறிது நேரம் பொறுத்துத் திரும்பப் பார்த்தேன், அதே இடத்தில்தான் நிற்கிறது. பிறகு பொத்தான் ஃபோன் அடித்தது. அவர் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை; அழுவது மட்டும் கேட்டது. அதனால் நான் புல்மோட்டை பஸ்ஸுக்குப் போகிறேன், இந்தக் கடிதத்தையும் போகிற வழியில் போடுகிறேன். மருமகன், பாஸ்வேர்டை மாற்ற வேண்டாம். முகத்தைப் பிரிக்கவும் வேண்டாம். மிச்சப் படத்தை நாங்கள் சேர்ந்து பார்க்க வேண்டும்.