நெக்ஸ்டண்ணனும் காதுகுத்துப் படங்களும்

கரண்ட் இல்லாமல் ஸ்லைடு காட்டக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கோவையில் எங்கள் பம்ப் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தார். பேச நின்றால் மூச்சுக்கு ஒரு ‘நெக்ஸ்டுங்க’ என்பதால் நெக்ஸ்டண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை முதலாளியின் முன்னால் பேசும்போது கரண்ட் போய்விட்டது. அண்ணன் நிறுத்தவில்லை. வெறும் சுவரைக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். பொத்தானை அழுத்துவது என் வேலை. நானும் பயந்துபோய் அழுத்திக்கொண்டே இருந்தேன். நடுவில் முதலாளி, “அந்த முந்தின ஸ்லைடை இன்னொருக்கா காட்டுங்க” என்றார். அண்ணன் சுவரோரம் இரண்டடி நகர்ந்து, “இந்தாங்க” என்றார். முதலாளி குறித்துக்கொண்டார்.

லீவு கேட்பதற்கே நாலு ஸ்லைடு போடுவார். கடைசியில் ‘கேள்விகள் உண்டா?’ என்றிருக்கும். மேனேஜருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் டீலர்கள் கூட்டம். புது போர்வெல் மோட்டாரை அன்று அவர்கள் எடுக்காவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மூடினால் முதலில் வீட்டுக்குப் போவது கடைசியாகச் சேர்ந்த நான்.

பென் டிரைவைச் செருகினேன். திரையில் மோட்டார் வரவில்லை. மொட்டைத் தலையோடு, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுதபடி என் மகள் வந்தாள். வீட்டிலிருந்து காதுகுத்துப் படங்கள் இருந்த பென் டிரைவை மாற்றி எடுத்துவந்திருக்கிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணன் ஒரு நொடி பார்த்தார்.

“ஏனுங்க, இந்தப் பாப்பா எதுக்கு அழுகுதுங்க? தண்ணி வல்லீங்க. பழைய மோட்டாருங்க. நெக்ஸ்டுங்க.”

பந்தியில் யாரோ இலை வழிய ரசம் ஊற்றும் படம். “போதும்னாலும் நிக்கறதில்லை பாருங்க. நம்ம மோட்டாரு தொட்டி நெறஞ்சா தானா நின்னுக்குமுங்க. நெக்ஸ்டுங்க.”

ஊசியோடு ஆசாரி. “நம்ம சர்வீஸ் ஆளுங்க. பாத்தா பயமா இருக்கும், நிமிசத்துல வேலை முடிஞ்சுரும்.”

முறைத்துக்கொண்டு என் மாமனார். “இவரு வேற கம்பெனி மோட்டாரு வாங்குனவருங்க.”

மண்டபம் குலுங்கியது. காங்கேயத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்தார். “எல்லாஞ் சரிங்க. மோட்டாரைக் காட்டவே இல்லீங்களே?”

“அது போருக்குள்ள ஆயிரமடி கீழ கெடக்குமுங்க. அதைய யாருங்க பாக்கப் போறாங்க? மேல இருக்கற குடும்பத்தைத்தானுங்க பாக்கோணும்.”

பெரியவர் உட்கார்ந்தார். முதல் ஆர்டர் அவருடையதுதான்.

திரும்பும்போது வேனில், “தப்பு என்னுதுங்கண்ணா” என்றேன்.

“அதை உடு கண்ணு. பாப்பா பேரென்ன?” என்றார். மறுநாள் மேனேஜர் கேட்டபோது, அந்தப் படங்களைத் தானே கேட்டு வாங்கியதாகச் சொல்லிவிட்டார்.

அண்ணன் ஓய்வு பெற்றபின் இப்போது நான்தான் பேசுகிறேன். என் முதல் ஸ்லைடு எப்போதும் அந்த அழுகைப் படம்தான். பள்ளிக்கூடம் போகும் மகள், மானம் போகிறது என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் அடுத்த பொத்தானை அழுத்துமுன் ஒரு நொடி நின்றுவிடுகிறேன், அண்ணன் ‘நெக்ஸ்டுங்க’ என்று சொல்லட்டும் என்று.